ஞாயிற்றுக்கிழமை வந்த அமாவாசை

இட்லியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறவர் ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆரணியில் எங்கள் வீட்டுச் சமையலறையில், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, என் அண்ணி ஒரு டம்ளரில் இட்லியைப் பிசைந்து போட்டு, கஷாயம் குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு இட்லி கிடைக்குமா என்று பார்க்க உள்ளே நுழைந்தவன் நான். "இன்னா அண்ணி, இட்லில காபி போட்டுட்டீங்களா?" என்றேன். என் நகைச்சுவையின் தரம் அந்தக் காலத்தில் அவ்வளவுதான். இப்போதும் பெரிதாக ஏறிவிடவில்லை.

வழக்கமாக என் தலையில் கரண்டியால் தட்டுகிறவர், அன்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நாளாகத் தொண்டையில் சோறு இறங்கவில்லை, உள்ளூர் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார், இங்கே வைத்துக்கொண்டிருக்காதே, ஜல்தியாக மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிவிட்டார் என்றார். அண்ணாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லையாம். என்னிடம்தான் முதலில் சொல்கிறாராம்.

"ஏங்க அண்ணி, என்கிட்ட போயி?"

"நீ வெளிய போயி சொன்னாகூட ஒருத்தரும் நம்ப மாட்டாங்க தம்பி. அதான்."

உண்மைதான். என் பெயர் அப்படிக் கெட்டிருந்தது. அண்ணியின் அப்பா போளூர் பஸ்ஸில் வந்து இறங்கி நிற்கிறார் என்று ஒருநாள் நான் சொல்லப்போக, அண்ணா பாதி நெய்த புடவையை அப்படியே விட்டு, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். அங்கே இறங்கியது இரண்டு வாழைத்தாரும் ஒரு ஆடும்தான். அதற்குப் பிறகு நான் மழை வருகிறது என்றால்கூட அவர் வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணி எடுப்பார்.

அண்ணாவிடம் சொல்லாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்கள் அம்மாவை அவர்தான் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது அம்மாவின் செருப்பை மட்டும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். மெட்ராஸ் ஆஸ்பத்திரி என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்துபோய்விடுவார். "மொதல்ல இன்னான்னு தெரிஞ்சிக்கலாம். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னா அவருக்கு எதுக்குப் பேஜாரு? ஊரு சுத்திப் பாக்கப் போற மாதிரி போயிட்டு வந்துடலாம்" என்றார் அண்ணி. எல்லோரும் உல்லாசப் பயணம் என்று நம்பும்படி செய்வது என் வேலை. என் வாழ்க்கையில் என்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட முதல் பொறுப்பு அது.

எங்கள் தெருவில் விடுமுறை என்றால் அமாவாசை. அன்றைக்குத்தான் தறிச் சத்தம் நிற்கும். மற்றபடி ஞாயிறும் ஒன்றுதான், செவ்வாயும் ஒன்றுதான். உள்ளூர் டாக்டர்கூட அமாவாசையன்று மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க முடியாது. நெய்கிறவர்கள் எல்லோரும் வயிற்றுவலி, முதுகுவலியை எல்லாம் சேர்த்துவைத்து அன்றுதான் அவரிடம் போவார்கள். அதனால் மெட்ராஸ் பயணம் என்று பேச்சு வந்ததும் யாரும் யோசிக்கவே இல்லை, அமாவாசைதான். முதல்நாள் மத்தியானம் கிளம்புவது, அமாவாசை முழுக்கச் சுற்றுவது, அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிடுவது. அதற்கு மேல் தங்க முடியாது. அமாவாசைக்கு மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்து நாலு இழையாவது ஓட்டாவிட்டால் அந்த மாதம் முழுக்கத் தறியில் பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பது அண்ணாவின் நம்பிக்கை. சாமி விஷயத்திலாவது அவரிடம் பேரம் பேசலாம். இதில் முடியாது.

திட்டம் போட்ட அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, அதன் பின்னாலேயே வேறொன்றும் வருகிறது. அண்ணாவின் இரண்டு பெண்களும் உயிர்க் காலேஜில் புலி பார்க்க வேண்டும் என்றார்கள். விலங்குக் காட்சிசாலைக்கு அப்போது அதுதான் பெயர். அண்ணாவுக்குப் பதினாலு மாடிக் கட்டடத்தைக் கீழே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வளவு மாடி இருக்கிறது என்று சொன்னவன் நானாயிற்றே, சரிபார்க்க வேண்டாமா? அண்ணி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நடுவில், "ஞாயித்துக்கிழம காலைல நீங்க புலி பாருங்க. என் சிநேகிதி ஒருத்தி புள்ள பெத்துகினு படுத்திருக்கா, நானும் தம்பியும் போயி பாத்துட்டு வந்துடறோம்" என்று அதையும் சேர்த்துவிட்டார். ஆமாம், அந்த மாதம் அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் கெடாது என்று எங்களுக்கு இரட்டைச் சந்தோஷம். பள்ளிக்கூடத்துக்கு லீவு என்று தெரிந்த எங்களுக்கு, அடுத்த படி ஏறத் தெரியவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன் வேறு.

வண்ணாரப்பேட்டையில் அண்ணியின் சித்தி வீட்டில் படுத்து எழுந்து, புலி பார்க்கிறவர்கள் ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் ஈ காக்கை இல்லை. பெரிய ஊர், எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று அண்ணிக்கு முகம் மலர்ந்தது. காவல்காரர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழம யாரும்மா சீட்டு போடுவா? நாளைக்குக் காலைல வா. அவசரம்னா சொல்லு, அந்தப் பக்கம் வழி."

மல்லிகைப் பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு நின்ற அண்ணியை அவர் ஏற இறங்கப் பார்த்தார். அவசரம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "அவசரம் ஒண்ணும் இல்லீங்க" என்று அண்ணியே சொல்லிவிட்டார். உடம்பு முடியாதவர்கள்தான் அந்தப் பக்கம் போக வேண்டும் என்று அண்ணி நினைத்திருக்க வேண்டும். திரும்பி நடக்கும்போது, "அடுத்த அமாவாசைக்கு வரலாம் தம்பி" என்றார்.

சாயங்காலம் கடற்கரையில் பெண்கள் அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி அவர்களுக்குக் காவலாகக் கொஞ்சம் தள்ளி நின்றார். அண்ணா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுண்டல் தின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அண்ணிக்குத் தொண்டையில் ஏதோ இருக்கிறது, டாக்டர் பயப்படுகிறார், நாங்கள் இரண்டு பேரும் இன்றைக்குத் தங்கி நாளைக்குக் காட்டிவிட்டு வருகிறோம், நீங்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அண்ணா என்னையே பார்த்தார். பிறகு சுண்டல் சிதறச் சிரித்தார்.

"டேய், இன்னும் ஒரு நாளு ஊரு சுத்தணும்னா நேரா கேளேன்டா. அதுக்கு உங்க அண்ணிய எதுக்கு நோயாளி ஆக்குற? காலைலேருந்து இந்த வெயில்ல நடந்துகினு கீறா, அவளுக்கா ஒடம்பு சரியில்ல?" என்றவர், அலைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "இந்தா, உனக்குத் தொண்டைல இன்னாவோ வந்திருக்குதாமே. இவன் சொல்றான்" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்வையாலேயே கெஞ்சினேன். அவர் சிரித்தார். "உங்க தம்பி வேற இன்னா சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு, சின்னவளின் பாவாடையைத் தூக்கிப் பிழிய ஆரம்பித்தார். திட்டம் போட்டபடியே பஸ் ஏறினோம். மறுநாள் காலை அண்ணாவின் தறி ஓடிற்று.

அடுத்த அமாவாசைக்கு அண்ணி ஊர் சுற்றுவதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குள் தண்ணீர்கூட இறங்காமல் போய், அண்ணாவே கண்ணமங்கலத்திலிருந்து ஒரு டாக்சி பிடித்துவந்து மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். நாள் கிழமை எதையும் பார்க்கவில்லை, பாவு பாட்டுக்குத் தறியில் கிடந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அந்தக் கொஞ்சம் எவ்வளவு, ஒரு நாளா, ஒரு மாதமா, ஒரு வருஷமா என்று நாங்களும் கேட்கவில்லை. பொங்கலுக்கு அண்ணி இல்லை.

அண்ணா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து வருஷம் போலத் தறியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து நெய்தோம். பெரிய பெண்ணை மெட்ராஸில் கொடுத்து, அவளுக்கு வளைகாப்பு என்று நாங்கள் கிளம்பின அன்று, பஸ் நிலைய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டீயை ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னிக்கு பீச்சுல சொன்னியே. நெஜமாதான் சொன்னியா, சிரிச்சிகினு சொன்னியா?"

அந்தச் சாயங்காலம் என் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் ஆறிப்போன டீயை அவர் இன்னும் ஆற்றிக்கொண்டே இருப்பதையும் நான் பார்த்தேன்.

"சிரிச்சிகினுதான் அண்ணா சொன்னேன். எனக்கு வேற எப்பிடி பேச வரும்?"

"அதானே பாத்தேன்" என்றார். ஒரே மடக்கில் டீயைக் குடித்துவிட்டு, எனக்கும் சேர்த்துக் காசைக் கொடுத்து, இடம் பிடிக்கப் பஸ்ஸை நோக்கி முன்னால் நடந்தார்.