கார்ல்ஸ்ரூ போகாத ஏணி வழக்கு

மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு இரண்டு மொழி தெரிந்தால் மட்டும் போதாது. இரண்டிலும் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிய வேண்டும். நான் பேர்லினில் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் தமிழ் பேசிச் சோறு தின்கிறவள். உங்களிலும் பலர் மாமா மாமிமாருக்கு வரும் ஜெர்மன் கடிதங்களைச் சம்பளமில்லாமல் வாசித்துச் சொல்கிறவர்கள்தானே, உங்களுக்கு இந்த வேதனை புரியும். பெயர்களை மாற்றிவிட்டேன். ஏணி மட்டும் நிஜம்.

சுவாமிக்கு இடைஞ்சல்

பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் எங்கள் கோயில் தேர் வருகிற தெருவில், கம்பத்துக்குக் கம்பம் வேட்பாளர்களின் முகம் போட்ட தேர்தல் தட்டிகள் தொங்கின. தேர்முடி சிக்கிவிடும் என்று பயந்து, நிர்வாக சபை தயாபரன் அண்ணையை ஏணியோடு அனுப்பியது. அவர் அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்கிறவர். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். இடைஞ்சலான இரண்டொன்றைக் கழற்றாமல் தெரு முழுவதையும் கழற்றி, தூசு துடைத்து, மடைப்பள்ளியில் அடுக்கிவிட்டார்.

தேர்தலுக்கு இடையூறு செய்ததாகப் புகார் போனது. அண்ணையின் ஜெர்மன் குடியுரிமை விண்ணப்பம் அப்போதுதான் முடிவுக்கு வருகிற நேரம். பிள்ளைகளுக்கெல்லாம் கிடைத்து, கடைசியாக இவர். தண்டனை ஏதும் வந்தால் அது போச்சு. விசாரணையில் அதிகாரி, "நீங்கள் எந்தக் கட்சிக்கு எதிரி?" என்று கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். அண்ணை கைகட்டிச் சொன்னார்:

"எல்லாக் கட்சியையும் கழட்டினனான் ஐயா, ஒருத்தரையும் வித்தியாசம் பாக்கேல்லை."

பெட்டிசம்

ஊர் அதிகாரியான விதானையாரிடம் சொல்ல வேண்டியதை ஜனாதிபதிக்கே மனு எழுதி, அதாவது பெட்டிசம் போட்டுப் பழகிய சனம் நாங்கள். கோயில் தலைவர் சிவபாலன் அண்ணை அந்தக் கலையில் கரைகண்டவர். மாநில அரச வழக்கறிஞர் கையில் வழக்கு இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கார்ல்ஸ்ரூவில் இருக்கும் மத்திய அரச வழக்கறிஞரே இதை எடுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்து, ஜெர்மனில் மாற்றித் தா என்றார். கடிதத்துக்குப் பாரம் போதாதென்று, "இதில் இந்த நாட்டின் தேர்தலே அடங்கியுள்ளது" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

ஏணியில் ஏறிய பாவியை மனிதர் சர்வதேசச் சதிகாரன் ஆக்கப் பார்க்கிறாரே! இந்த வழக்கில் நான் மொழிபெயர்ப்பாளர், எனக்கு ஏலாது என்று மறுத்தேன். அவர் தன் கைபேசியிலேயே மொழிபெயர்த்து அனுப்பிவிட்டு என்னைத் தேற்றினார்:

"பிள்ளை, வருத்தம் சின்னனெண்டாலும் பெரியாஸ்பத்திரியிலை காட்டினாத்தான் மனதுக்குத் திருப்தி."

பெரிய இடத்துக்கு எது போகும்?

தயாபரன் அண்ணைக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைக் கார்ல்ஸ்ரூவுக்குப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று கேட்டுக் கண் கலங்கினார். அவருடைய சட்டத்தரணி ஒரு ஜெர்மன்காரி, பொறுமைசாலி. தேர்தல் குற்றங்களைப் பொதுவாக மாநிலமே பார்க்கும், வெளிநாட்டு உளவு, பயங்கரவாதம் என்று நாட்டையே உலுக்குகிற விஷயமென்றால்தான் மத்தி கை வைக்கும், நாங்கள் கேட்டதற்காக எடுக்க மாட்டார்கள் என்று விளக்கினார். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அண்ணைக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் இருந்த தலைவருக்குத்தான் முகம் கறுத்துவிட்டது:

"அப்ப எங்கடை கோயிலை அவ்வளவு சின்னனாய் நினைச்சிட்டினமோ?"

முகங்கள்

கார்ல்ஸ்ரூ கடிதத்தைப் பேர்லினுக்கே திருப்பிவிட்டது. மாநில அரச வழக்கறிஞர் அண்ணையைக் கூப்பிட்டார். இளம் பெண். அவர் மேசையில் படங்கள் இருந்தன: தேர் இருப்புக்கு வந்த கையோடு அண்ணை திரும்ப ஏணியில் ஏறி, எல்லாத் தட்டியையும் அதனதன் கம்பத்திலேயே கட்டியிருந்தார். ஒன்றிலும் கீறல் இல்லை. முன்பிருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தன.

"சேதமில்லை, கெட்ட நோக்கமும் இல்லை, வழக்கை முடிக்கிறேன்" என்றார் அவர். அதை நான் அண்ணைக்கு இரண்டு தரம் மொழிபெயர்த்தேன். தொழிலுக்கு அது ஆகாது, ஆனாலும் செய்தேன். குடியுரிமை வந்தால் அடுத்த தேர்தலில் ஏணி வேண்டாம், வாக்குச்சாவடிக்கு வாருங்கள் என்று அவர் சிரித்தார். அண்ணை முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்:

"கட்டாயம் வருவன் அம்மா. இந்த ஊரிலை எல்லாற்றை முகத்தையும் துடைச்சுப் பாத்தவன் நான் ஒருத்தன்தானே."

கார்ல்ஸ்ரூ எடுக்காமல் விட்டதால் தயாபரன் அண்ணை இன்று ஜெர்மன் குடிமகன். ஏன் எடுக்காமல் விட்டீர்கள் என்று கேட்டுத் தலைவர் அடுத்த பெட்டிசம் எழுதிக்கொண்டிருக்கிறார்.