கையெடுக்காத கம்பவுண்டர்

ஆம்பூரில் கள்ளிக்காட்டை வெட்டித் தோல் பதனிடும் ஷெட் போட்டவன் நான். பாறைக்கு வெடி வைத்துக் கிணறு எடுத்ததும், மாடி வீடு கட்டியதும் நானே. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அந்த வீட்டில் மூன்று வேளையும் நெய்யும் ஆட்டுக்கறியுமாகத் தின்றதில் பித்தப்பையில் கல் கட்டியது. வலி வந்தால் தரையில் புரண்டு கத்துவேன். கத்தி வைத்தால் பிணமாகத்தான் திரும்புவாய் என்று சொந்தக்காரர்கள் தடுத்தும் வேலூர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன்.

மயக்க மருந்து கொடுப்பவர் ஓர் ஒல்லியான கம்பவுண்டர். நோயாளியின் காதருகே மெல்ல எண்ணிக்கொண்டே முகத்தில் வைத்த முகமூடியில் குளோரோபாரம் சொட்டவிடுவது அவர் வழக்கம். எனக்கு மூச்சு முட்டியது. தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் மூச்சு முட்டினால் எதிரில் இருப்பவனை மிதித்தாவது மேலே ஏறு என்று ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர் வாயில் ஓங்கிக் குத்தினேன். இரத்தம் என் மார்பில் கொட்டியது. முகமூடியிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. உடைந்த வாயால் "ஏழு, எட்டு" என்று எண்ணுவது மட்டும் கேட்டது.

மறுநாள் வீங்கிய உதட்டோடு ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

"கல்லு பதினொண்ணு முதலாளி. என் பல்லு ரெண்டு, அத இதுல போடல."

"இன்னாய்யா, உட்டுட்டு ஓடியிருக்கலாமே?"

"பாதி மயக்கத்துல உட்டா, வயித்தக் கிழிக்கறப்ப முழிச்சிக்குவீங்க. இனிமே நெய்யக் கம்மி பண்ணுங்க."

அடித்தவனிடம் அப்படிப் பேச எப்படி மனம் வந்ததோ, இன்றும் எனக்குப் புரியவில்லை. ஊரார் சர்ஜனை மட்டும் புகழ்கிறார்கள். கம்பவுண்டரையும் சேர்த்துப் புகழட்டும். ஆம்பூரிலிருந்து அந்த ஆபரேஷன் மேஜையில் முதலில் போய்ப் படுத்தவன் நான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.