இடப்பக்கம் நாலு பவுண்டு குறைவு

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "தராசு வந்தாச்சா?" என்பார்கள். "தராசு இன்னைக்கு லீவு" என்பார்கள். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். எடைக்கற்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது தோள் கொஞ்சம் இறங்கியே போய்விட்டது. பத்து கிராம் குறைந்தாலும் விடமாட்டார். கடைக்காரர் எவ்வளவு குழைந்தாலும் சரி, "குறையுதுன்னா குறையுதுதான்" என்று சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுத்தான் படியிறங்குவார்.

அப்படிப்பட்ட மனிதர்தான் பதினோரு வருஷமாகத் தன் காரின் இடப்பக்கத்து டயர்கள் இரண்டிலும், தெரிந்தே, நாலு பவுண்டு காற்றைக் குறைத்து வைத்திருந்தார். விஷயம் வெளியே வந்தது ஒரு சனிக்கிழமை, டயர்க்கடையில்.

டயர் மாற்றத்தான் போயிருந்தார். போன இடத்தில் சுவரில் மாட்டியிருந்த அலாய் சக்கரம் ஒன்று கண்ணில் பட்டது. பதினாறு அங்குலம், ஐந்து ஆரக்கால், ஓரத்தில் மட்டும் பளபளப்பு. அவருடைய காரில் இருப்பது பதினாலு அங்குல இரும்புச் சக்கரம். அதன் மேல் பிளாஸ்டிக் மூடி. நாலு மூடியில் ஒன்று எங்கேயோ கழன்று விழுந்து வருஷம் மூன்றாகிறது. ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதருக்குச் சக்கரத்தின் மேல் ஆசை வரலாமா என்று கேட்டால், ஏன் வரக்கூடாது என்றுதான் நான் கேட்பேன். ரொம்ப நாளாக அவருக்கு எதன் மேலும் ஆசை வரவில்லை. வந்ததே பெரிது.

"போட்டா வண்டியே வேற மாதிரி ஆயிடும் சார்" என்றார் டயர்க்கடைக்காரர். நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாத ஆள். கை அதைவிட வேகம்.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றார் தராசு.

யோசனை மூன்று சனிக்கிழமை நடந்தது. முதல் வாரம், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சக்கரம் உள்ளே உரசுமா என்று கேட்டார். இரண்டாம் வாரம் அளவு நாடாவோடு வந்து, தரையில் மண்டி போட்டு, நாலு மூலையும் அளந்தார். ஒவ்வொரு வாரமும் கடை ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டீ குடித்து, வருகிற வண்டிகளின் சக்கரத்தைப் பார்த்து, கடைக்காரரோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் எழுந்தார். மனிதர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறார் என்றுதான் கடைக்காரர் நினைத்தார். உண்மை வேறு. முடிவு எடுத்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் பேச ஆளில்லை. மகளுக்கு முதல் பிரசவம் என்று மனைவி வெளிநாட்டுக்கு விமானம் ஏறி இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. ஆறு மாதத்தில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. பிள்ளைக்குப் பல் முளைக்கட்டும் என்று ஓர் ஆறு மாதம். மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஓர் ஆறு மாதம். இதற்குள் இரண்டாவதும் பிறந்துவிட்டது. யார் மேலும் தப்பில்லை. தப்பு யார் மேலாவது இருந்தால் கோபித்துக்கொண்டாவது பொழுதைப் போக்கலாம்.

சோபாவில் அவர் உட்காரும் பக்கம் மட்டும் குழிந்திருந்தது. மறுபக்கம் பழைய செய்தித்தாள். அடுப்பில் ஒரு பர்னர்தான் எரிந்தது. இன்னொன்றின் மேல் எண்ணெய்ப் பாட்டில் குடியேறிவிட்டது. மோட்டார் சுவிட்சுக்கு மேலே அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'பத்து நிமிஷம்தான். மறந்துடாதீங்க.' துணி துவைக்கிற இயந்திரம் வேலை முடிந்து கூவும்போது "வரேன், வரேன், ஏன் கத்துறே" என்று அதட்டுவார். அந்த வீட்டில் அவர் குரல் எழும்புவது அதற்கு மட்டும்தான்.

மூன்றாம் சனிக்கிழமை கடைக்காரர் பழைய டயர்களைச் சரியாகப் பார்க்கலாம் என்று குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"சார், இடது பக்கம் ரெண்டு டயர்லயும் ஓரம் ரெண்டும் மழமழன்னு தேஞ்சிருக்கு, நடுவுல அப்படியே இருக்கு. காத்துக் கம்மியா ஓடின டயர் இது. வலது பக்கம் நல்லாத்தான் இருக்கு."

அளவுமானியை வைத்துப் பார்த்தார். வலப்பக்கம் முப்பத்திரண்டு. இடப்பக்கம் இருபத்தெட்டு. முன்னாலும் இருபத்தெட்டு, பின்னாலும் இருபத்தெட்டு.

"பஞ்சர்னா ரெண்டும் ஒரே மாதிரி இறங்காதே?"

"பஞ்சர் இல்ல தம்பி. நான்தான் குறைச்சு வச்சிருக்கேன்."

கடைக்காரருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன சார்! ஊர்த் தராசையெல்லாம் சரி பார்க்கிறவரு, உங்க வண்டி ஒரு பக்கமா சாஞ்சிட்டு நிக்குது!"

தராசு சிரிக்கவில்லை. சொல்ல வேண்டியதாகிவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், மனைவி இடுப்பில் முதுகெலும்பு வட்டு நகர்ந்து மூன்று மாதம் படுத்திருந்தாள். எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகு, காரில் போகும்போது ஒவ்வொரு குழிக்கும் அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பாள், சத்தம் போடமாட்டாள். அந்த மூச்சுதான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் உட்காருவது இடப்பக்கம். டயர் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் அதிர்ச்சி குறையுமே என்று ஒருநாள் வழியில் நிறுத்தி, அந்தப் பக்கம் நாலு பவுண்டு இறக்கினார். "இப்போ எப்படி இருக்கு?" என்றார். "இப்போ பரவாயில்லைங்க" என்றாள். அன்றிலிருந்து அதுதான் அளவு.

டயர்க்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. தொழில் தெரிந்தவர், அவ்வளவுதான்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நாலு பவுண்டுல உக்கார்றவங்களுக்கு அப்படி ஒண்ணும் பெரிசாத் தெரியாது. டயர் தேயும், வண்டி இடது பக்கமா இழுக்கும், அவ்வளவுதான். பெரிய அலாய் போட்டா இந்த வேலையே கூடாது. டயர் மெலிசு, காத்துக் குறைஞ்சா ஒரே குழியில சக்கரம் நெளிஞ்சிடும். நாலுலயும் ஒரே அளவு இருக்கணும்." பேசிக்கொண்டே, பழக்க தோஷத்தில், இடப்பக்கம் இரண்டிலும் காற்றைப் பிடித்து முப்பத்திரண்டுக்கு ஏற்றிவிட்டார். "இப்ப ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தார். வண்டி சாலையின் நடுவை நோக்கியே போனது. எதிரே வந்த வேன்காரன் ஒலி எழுப்பித் திட்டிவிட்டுப் போனான். வண்டி மேல் குற்றமில்லை. இடப்பக்கம் இழுக்கிற காரை நேராக நிறுத்த, பதினோரு வருஷமாக அவர் கை ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தே பழகியிருந்தது. இப்போது இழுக்க ஒன்றுமில்லை; கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. தாங்குவதற்கு ஏதுமில்லாத கையை வைத்துக்கொண்டு அவர் மெதுவாக, பயந்து பயந்து வீடு வந்து சேர்ந்தார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு மனைவி கூப்பிடுவாள். அங்கே அப்போது சாயங்காலம், பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம். போனை எதன் மேலாவது சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். பாதி நேரம் கூரைதான் தெரியும். அந்தக் கூரையின் ஒவ்வொரு விளக்கும் அவருக்கு மனப்பாடம்.

"டயர் மாத்தணும்" என்றார் கூரையைப் பார்த்து.

"மாத்துங்களேன், அதுக்கென்ன?"

"அலாய் வீல் போடலாமான்னு ஒரு யோசனை. பெரிசா, பளபளன்னு இருக்கும்."

"அட! இந்த வயசுலயா?" சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நாலு சக்கரம் என்ன, நாற்பது சக்கரம் போடலாம்.

"ஒரு கஷ்டம் இருக்கு. டயர் மெலிசா வரும். குழியில விழுந்தா தூக்கிப் போடும். இடுப்புக்கு ஆகாது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மூன்று வாரமாக அவர் கடைக்கும் வீட்டுக்கும் அலைந்ததெல்லாம் இந்த ஒரு பதிலுக்காகத்தான் என்பது அந்த நொடியில்தான் அவருக்கே புரிந்தது. 'ஐயையோ, அதெல்லாம் வேண்டாம், என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?' என்று அவள் அலற வேண்டும். அலறினால் அவள் வருகிறாள் என்று அர்த்தம்.

கூரை நகர்ந்தது. அவள் முகம் வந்தது. களைத்திருந்தாலும் பாசமாகத்தான் இருந்தது.

"நீங்க மட்டும்தானேங்க போறீங்க. உங்களுக்குப் பிடிச்சதைப் போட்டுக்கங்க. எத்தனை நாளைக்குத்தான் எல்லாத்தையும் எனக்காகவே பார்ப்பீங்க?"

அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதுதான் அவரைக் கொன்றது.

"ஒண்ணு கேக்கவா?" என்றார் கடைசியில். "உன் பக்கம் காத்து இறக்கி வைப்பேனே. அதுல நெஜமாவே உனக்கு வலி குறைஞ்சுதா?"

"எங்கே குறைஞ்சுது!" மறுபடி சிரித்தாள். "வெயில்ல குந்தி உக்காந்து காத்தைப் பிடுங்கிட்டு, கையெல்லாம் கரியோட வந்து 'எப்படி இருக்கு, எப்படி இருக்கு'ன்னு என் மூஞ்சியையே பார்ப்பீங்க. பரவாயில்லைன்னு சொன்னாத்தானே வண்டி கிளம்பும்? அப்புறம் குழி வந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். நீங்க மறுபடியும் இறங்கிப் போயிடுவீங்களேன்னு." அதற்குள் பின்னால் சின்னது வீறிட்டது. "இருங்க, தட்டைக் கவுத்துட்டான். அப்புறம் பேசறேன்."

திரை அணைந்தது. காலை ஏழு மணிகூட ஆகவில்லை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் கிடந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பை மூட்டக்கூடத் தோன்றாமல், சோபாவின் தன் குழியிலேயே உட்கார்ந்திருந்தார். வலி குறையவில்லை, குறைந்ததாக அவள் சொன்னாள், அதை நம்பி இவர் டயரைத் தேய்த்தார். ஒருவருக்கொருவர் இப்படி ஏமாற்றிக்கொண்டதுதான் தன் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. பார்க்க யாருமில்லாததால் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

நாலாம் சனிக்கிழமை டயர்க்கடைக்காரர் அலாய் சக்கரங்கள் நாலையும் துடைத்து முன்னாலேயே எடுத்து வைத்திருந்தார்.

"பழைய சைஸே போடுங்க தம்பி" என்றார் தராசு. "இரும்புச் சக்கரமே இருக்கட்டும். டயர் மட்டும் புதுசு."

"என்ன சார், மூணு வாரம் ஆசை காட்டிட்டு?"

"ஆசை இன்னும் இருக்கு. போட வேண்டாம்."

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேலையை முடித்தார். காற்றுக் குழாயை எடுத்து நாலிலும் முப்பத்திரண்டு வைத்தார். தராசு எழுந்து போய் இடப்பக்கத்து முன் சக்கரத்தின் அருகே குந்தினார். காற்று வால்வின் மூடியைத் திருகி எடுத்து, நகத்தால் நடு ஊசியை அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வந்தது.

"சார்! புது டயர் சார்! போன வாரம்தானே சொன்னேன், உக்கார்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு?"

"தெரியும் தம்பி. அவங்களும் சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு? தேஞ்சு போகுமே!"

"தேயட்டும்."

"ஊருக்கெல்லாம் பத்து கிராம் குறையக்கூடாதுன்னு சீட்டு ஒட்டுறவரு நீங்க."

"அது கடைத் தராசு" என்றார் அவர், அளவுமானியை வைத்துப் பார்த்தபடி. இருபத்தொன்பது. இன்னும் ஒன்று இறக்கினார். பின்சக்கரத்துக்கு நகர்ந்தார். "இது வீட்டு வண்டி."

கையெல்லாம் கரியோடு எழுந்து, வழக்கம்போல இடப்பக்க ஜன்னலைக் குனிந்து பார்த்தார். இருக்கையில் அவள் இடுப்புக்கு வைக்கும் சின்னத் தலையணை மட்டும் இருந்தது. எப்படி இருக்கு என்று கேட்க வாயெடுத்துவிட்டார். கேட்கவில்லை, சுற்றி வந்து ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

தெருமுனை தாண்டியதும் கார் மெல்ல இடப்பக்கம் இழுத்தது. அவர் கை, பழகின கை, மெல்ல வலப்பக்கம் பிடித்தது. வண்டி நேராகப் போனது.