பாட்டிலைப் பார்க்காதீங்க அம்மணி

உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சின்ன பிளாஸ்டிக் பாட்டில் அது. மேலே என் பெயர் எழுதி ஒட்டிய வெள்ளைத் தாள், பக்கவாட்டில் அளவுக் கோடுகள். அந்தக் கோடுகளில் முதலாவதைத் தாண்டவே என் பாலுக்கு மனம் வரவில்லை. மாதம் நிறையாமல் பிறந்த என் மகள் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். உறிஞ்சிக் குடிக்க அவளுக்குத் தெம்பு போதாது. நான் மெஷின் வைத்து எடுத்துக் கொடுப்பதைக் குழாய் வழியாக நர்ஸ் அவள் வயிற்றுக்குள் விடுவார். இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு வேலையே மோட்டார் பம்ப் கம்பெனியில்தான். போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வருகிற விவசாயிகளிடம், "மோட்டார் நல்லாத்தானுங்க இருக்குது, அடியில தண்ணி இல்லீங்க" என்று அலுங்காமல் சொல்லி அனுப்பிப் பழகியவள். இப்போது என் உடம்பு எனக்கு அதே பதிலைச் சொன்னது.

வீட்டில் பூண்டு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு என்று மாறி மாறிப் போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றும்போதே, "பால் பத்துதுங்களா?" என்று கேட்டார்கள். குழந்தை எப்படி இருக்கிறாள் என்பது இரண்டாவது கேள்வி. தலையை ஆட்டி வைப்பேன். ஆஸ்பத்திரியில் பால் எடுக்கும் அறைக்குப் போனால்தான் அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்தேன். அங்கே அன்னூரிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா இருந்தார்.

என்னைவிட வயதில் மூத்தவர், கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவருக்குப் பிறந்த பையன். குடலில் கோளாறு, ஆபரேஷன் செய்திருந்தார்கள். வாயில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அக்காவுக்குப் பால் கொட்டியது. மெஷினைப் போட்டதுமே பாட்டில் நிறையும், அடுத்ததை எடுப்பார். அவ்வளவும் ஆஸ்பத்திரி ஃப்ரீசருக்குள் போய் உட்காரும். "என்னைக்கிருந்தாலும் எந்திரிச்சு குடிப்பானில்லீங்க" என்பார். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வேன். பொறாமைதான், வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு இல்லை.

அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் எழுந்து வந்து தன் கைக்குட்டையை என் பாட்டில் மேல் போட்டு மூடினார். "பாட்டிலைப் பார்க்காதீங்க அம்மணி. பார்த்துட்டே இருந்தா எப்படீங்க வரும்? எம்மூஞ்சியப் பாருங்க" என்றார். பிறகு தன் வாழைத்தோட்டத்தில் மயில்கள் படுத்தும் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார். மயிலை விரட்ட அவர் வீட்டுக்காரர் தட்டும் கரண்டியுமாக ஓடுவாராம். மயில் நகராதாம், தெருநாய்கள்தான் அவரைத் துரத்துமாம். பேறு காலத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். கைக்குட்டையை எடுத்தபோது பால் முதல் கோட்டைத் தாண்டியிருந்தது. என்னைவிட அக்காவுக்குத்தான் அதில் பூரிப்பு. "இருங்க, நாளைக்குக் கிணத்துல உழுந்த கதைய சொல்றேன்" என்றார். அதன்பின் நான் நாற்காலியைத் திருப்பவில்லை.

இடையில் எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. தேறித் திரும்பப் போன காலையில் அக்கா, பால் எடுக்கும் அறைக்கு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் வாழையிலைப் பொட்டலம், அது பிரிந்து நிறைய மல்லிகைச் சரம் தெரிந்தது. பையனுக்குப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள், அதற்குத்தான் பூ என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். "பையன் குடிச்சுட்டானுங்களாக்கா? எனக்கும் ஒரு துண்டு குடுங்க" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன்.

அவர் பொட்டலத்தைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "தொடாதீங்க அம்மணி. இது தலைக்கு வெக்கற பூ இல்லீங்க. மாருல வெச்சுக் கட்டுனா பால் வத்திப்போகும்னு எங்க மாமியார் வாங்கியாந்தாங்க" என்றார். பொட்டலத்தை மூடிக்கொண்டே, "அவன் நேத்தே போயிட்டானுங்க" என்றார்.

பக்கத்தில் உட்காரப் போனேன். அவர் எழுந்துகொண்டு உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் ரவிக்கை நனைந்திருந்தது. "அங்கயே நில்லுங்க கண்ணு. இந்த வாசம் உங்களுக்கு ஆகாது. உங்களுக்கு வாரதே கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு, பூவோடு வராந்தாவின் கடைசிக்கு நடந்து, அங்கே ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து அழுதார். சற்று நேரத்தில் அவர் வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார். ஃப்ரீசரில் இருந்த பாலையெல்லாம் மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடத்தான் அக்கா அன்று வந்திருந்தார் என்று நர்ஸ் பிறகு சொன்னார். அடுத்து வந்த வாரங்களில் என் மகளுக்குக் குறைந்ததை ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கியிலிருந்து நிரப்பினார்கள். யாருடைய பால் என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. நானும் கேட்கவில்லை.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பால் டம்ளரைக் கண்டாலே ஓடி ஒளிகிறாள். எனக்குப் பால் கடைசி வரை பத்தவில்லை. அதை இன்று யார் கேட்டாலும் கூச்சமில்லாமல் சொல்கிறேன், அந்த வருத்தமெல்லாம் கரைந்து போய்விட்டது. கரையாதது அந்த வராந்தாதான். பூ வாசம் பட்டுப் பால் வற்றாது என்று படித்த எனக்குத் தெரியாதா? அக்காவின் சொல்லைத் தட்டிவிட்டு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் எனக்கு மகளின் அடுத்த வேளைப் பாலைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. அவர் அழுதுகொண்டிருந்த நேரம் முழுவதும், மல்லிகை வாசம் உள்ளே போய்விடக்கூடாதென்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்றேன்.