பின் சக்கரத்து நாலாவது போல்ட்டு

அண்ணா, நீ போயி பதினஞ்சு நாளாச்சு. காய்ச்சல்னு படுத்தப்ப வூட்டு முன்னால நிறுத்துன வேன் அப்புடியே நின்னுச்சு. பின் டயருல காத்து எறங்கி, ரிம்மு தரையில ஒக்காந்துடுச்சு. சாவியத் தொட எனக்கும் மனசு வரல, அம்மாவுக்கும் வரல.

ஏரியூர் சந்தையில நம்ம எடம் உனக்குத் தெரியும்ல, யாரும் எழுதிக் குடுத்த எடமில்ல. சேந்தாப்புல மூணு சந்தை விரிக்கலன்னா அடுத்தவன் விரிச்சிக்கலாம். ரெண்டு சந்தை போயிடுச்சி. பக்கத்துல கடை போடுற பாத்திரக்காரரு போன் பண்ணாரு. “பாப்பா, பிளாஸ்டிக்காரன் உங்க எடத்த காலால அளந்து பாத்துட்டுப் போறான். நாளைக்கு வந்துடுங்க. அப்புறம் நான் சொல்லலன்னு சொல்லாத.”

நைட்டி மூட்டையும் லுங்கி மூட்டையும் பஸ்ஸுல ஏத்த மாட்டாங்க. ஸ்டெப்னி நல்லாத்தான் இருந்துச்சி. டயர மாத்திட்டா நானே ஓட்டிடுவேன்னு மத்தியானம் ஒக்காந்தேன்.

மூணு போல்ட்டு கழண்டுச்சு. நாலாவது அசையல. ஸ்பேனரு வேற தொளதொளன்னு ஆடுச்சு. நம்ம வூட்ல எதுக்கும் துணிதான? கதவு ஆடுனா துணி, கொழா ஒழுவுனா துணி. நைட்டி கட்பீஸ் ஒண்ண ஸ்பேனருக்குள்ள திணிச்சி, எகிறி மிதிச்சேன். வழுக்கிடுச்சி. எம் முட்டி பேந்துடுச்சி. பாத்தா போல்ட்டு மூலையெல்லாம் மழுங்கி, உருண்டையா நிக்கிது.

அம்மா கூடப் பொறந்த மாமு வந்து பாத்தாரு. “ஏம்மா, ஸ்பேனருக்கு நைட்டி மாட்டி வுட்டியா? ஒரு துப்பட்டாவும் போட்டு வுட்டிருக்கலாம்ல?” எனக்கு சிரிப்பு வரல. அப்புறம் மெதுவா, “வுட்டுடும்மா. வண்டிய எடைக்குப் போட்டுட்டு ரெண்டு பேரும் எங்கூட வந்துடுங்க”ன்னாரு. அம்மா முந்தானைய வாயில வெச்சிகிட்டு நின்னுச்சி.

எனக்குக் கோவம் வந்துச்சி. மாமு மேல இல்ல, உம்மேல. தொப்பூர் எறக்கத்துல சக்கரம் கழண்டுடும்னு நீ ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிச்சி குதிச்சி இறுக்குவ. “யாருடா உன்ன இவ்ளோ இறுக்கச் சொன்னது?”ன்னு சத்தமாவே கேட்டுட்டேன். தெருவே திரும்பிப் பாத்துச்சு.

முக்கு ஒர்க்‌ஷாப்புல ஒரு சைசு சின்ன பாக்ஸ் ஸ்பேனரு வாங்கியாந்தேன். போல்ட்டுல டீசல் ஊத்தி ஊற வெச்சேன். மழுங்குன தலை மேல அத வெச்சி சுத்தியால அடிச்சேன். தெறிச்சி ஓடுச்சு. அரத்தால தலைய ராவிட்டு மறுபடி அடிச்சேன். இந்த தடவ கவ்விகிச்சு. கைப்புடியில பழைய தண்ணி பைப்ப நீட்டமா சொருவி நான் தொங்குனேன். வரல. அம்மா செருப்பக் கழட்டிட்டு வந்துச்சி. பிஸ்மில்லான்னு சொல்லி எங்கூட சேந்து அமுக்குச்சு. க்ரீச்சுன்னு ஒரு சத்தம். கழண்டுடுச்சு.

சந்தோசம் வரலண்ணா. உங்கை கடைசியா இறுக்குனது அதுதான். அதயும் நானே கழட்டிட்டேனேன்னு மண்ணுல ஒக்காந்து அழுதேன். அம்மா சொல்லுச்சி, “அழுதுகிட்டே மாட்டு. சாயந்தரம் அசர் பாங்கு சொல்றதுக்குள்ள மூட்டை ஏத்தணும்.” மாமுவக் காணோமேன்னு பாத்தா, நாங்க கேக்காமயே கடைக்குப் போயி புது போல்ட்டு வாங்கியாந்து நீட்டுறாரு.

காலையில ஏரியூர் போனோம். நம்ம எடத்துல பிளாஸ்டிக்காரன் ரெண்டு பக்கெட்ட வெச்சிருந்தான். அம்மா அத எடுத்து அவன் கையிலயே குடுத்துச்சு. “தம்பி, இது எம்புள்ள எடம்.” அவன் வாங்கிகிட்டு நவுந்துட்டான். நான் தார்ப்பாய விரிச்சேன். மொத ஆளா வந்த அக்கா லுங்கியப் பிரிச்சிகிட்டே, “எங்க உங்கண்ணன், ரெண்டு வாரமா ஆளக் காணோம்?”னுச்சி. நான் குனிஞ்சி அடுத்த மூட்டையப் பிரிச்சேன். அம்மாதான் நீ காய்ச்சல்ல போயிட்டன்னு சொல்லுச்சி. அந்தக்கா லுங்கிய வெச்சிட்டு அங்கயே கை கூப்பி நின்னுச்சி.

அதே மாதிரி இதப் படிக்கிற நீங்களும் ஒரு நிமிசம் நில்லுங்க. எங்கண்ணன அடக்குன கபுரு விசாலமா இருக்கணும், வெளிச்சமா இருக்கணும்னு துஆ கேளுங்க. துஆ தெரியாதவங்க உங்க சாமிகிட்ட, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி, அவனுக்காக வேண்டிக்குங்க.