குலம் அண்ணையின் குளுக்கோஸ் பை

ஒஸ்லோவில் குரோருட் பகுதிச் சுகாதார நிலையத்தில் இருந்தபோது, சீனி வியாதிக்காரரை நடக்க வைப்பதுதான் என் வேலை. ஏரியைச் சுற்றி நடந்து பழகியவர்களை ஒரு கோடையில் ரொண்டானே மலைக்குக் கூட்டிப் போனேன். பகலில் நடை, இரவில் ஒரு குடில், மறுநாள் அடுத்த குடில். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் வெயில்நாள் படங்களைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்காக இரண்டாம் நாளை எழுதுகிறேன்.

அன்று காலையே மூடுபனி. தபால் பிரிக்கும் வேலை செய்த குலம் அண்ணை இன்சுலின் போடுபவர். பொறுமை அவரிடம் மருந்துக்கும் கிடையாது. எப்போதும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். நான் குடிலைக் கூட்டிப் பூட்டிவிட்டு வந்தபோது, அவர் மனைவி மங்கை அக்கா இரண்டு பைகளுடன் நின்றார்.

"அண்ணை எங்கை?"

"அவர் முன்னாலை போயிட்டார்."

"இது அவரின்ரை பையெல்லே? குளுக்கோஸ் இதுக்குள்ளைதானே?"

"ஓம் பிள்ளை. குந்தியிருந்த வாங்கிலை விட்டிட்டு இறங்கிட்டார். வெளிக்கிட்ட ஆளைப் பின்னாலை கூப்பிடக் கூடாதெல்லே? எட்டிப் பிடிச்சுக் குடுப்பம் எண்டு நினைச்சன்."

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். குரோருட்டில் ரயிலுக்கு ஓடுகிறவரைக்கூட எங்கள் ஆட்கள் பின்னால் கூப்பிடமாட்டார்கள். அங்கே அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

மலையில் வழிகாட்டி என்றால், கற்குவியல்களில் பூசிய சிவப்பு அடையாளங்கள் மட்டுமே. அன்று ஒரு குவியலிலிருந்து அடுத்தது தெரியவில்லை. வேகமாக நடந்தும் அண்ணையைப் பிடிக்க முடியவில்லை. ஓடையருகே பாதை இரண்டாகப் பிரிந்தது. அடுத்த குடிலுக்குப் போகும் பக்கச் சேற்றில் காலடி இல்லை. சிகரத்துக்கு ஏறும் பக்கத்தில் புதிய சப்பாத்துத் தடம். கைபேசியில் சிக்னலும் இல்லை. காலையில் ஊசி போட்ட மனிதர், நடக்க நடக்கச் சீனி இறங்கும். விழுந்து கிடந்தால் எங்கள் காலில் தட்டுப்பட்டால்தான் தெரியும்.

குழுவில் செந்தில் என்ற தமிழ்நாட்டுப் பொறியாளர் இருந்தார். "மேடம், நீங்க போங்க. மத்தவங்களை இங்கேயே உட்கார வச்சு நான் பார்த்துக்கறேன்" என்றார்.

நானும் மங்கை அக்காவும் ஏறினோம். நான் விசில் ஊதினேன். அக்கா "இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ!" என்று கணவரைக் கூப்பிட்டு அழுதபடி கத்தினார். விசிலை நிறுத்தினால் எங்கள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் உயிரோடு இல்லை என்றே நான் நினைத்துவிட்டேன்.

எங்கோ ஒரு கல் உருண்டது. ஓடினோம்.

ஒரு கற்குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரில் சட்டையைத் திறந்துவிட்டு, வியர்வையில் நனைந்து போயிருந்தார்.

"பஸ் இன்னும் வரேல்லை" என்றார் என்னைப் பார்த்து. சீனி இறங்கிப் புத்தி தடுமாறியிருந்தது.

குளுக்கோஸ் ஜெல்லைப் பிதுக்கி அவர் கன்னத்துக்குள் வைத்தேன். விழுங்கினார். காத்திருந்தோம். கனநேரம் கழித்து அக்காவைத் திரும்பிப் பார்த்து, "ஏனப்பா அழுறாய்?" என்று கேட்டார்.

இனிப்பு அவரவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும், முதல் ஆளாக நடப்பவர் வழி தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அன்றே விதி செய்தேன். பின்னால் கூப்பிடுவதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணை குடில் படியில் இறங்கினார்.

"இஞ்சருங்கோ! நில்லுங்கோ!"

மங்கை அக்கா போட்ட சத்தத்தில் எல்லோருமே நின்றுவிட்டோம். அண்ணை திரும்பினார். பை அவர் தோளில்தான் இருந்தது.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. சும்மா கூப்பிட்டனான். போயிட்டு வாங்கோ."