மொட்டை மாடியில் மூன்று பேனல்கள்

தட்டாஞ்சாவடியில் சோலார் பேனல் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சிவசங்கரிக்கு வேலை. செய்து முடித்த பேனல் ஒவ்வொன்றும் எவ்வளவு மின்சாரம் தரும் என்று அளந்து, சீட்டு ஒட்டி அனுப்புவாள். கணவர் பலராமன் பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் இருந்தவர். ஆலை மூடிய பிறகும் பஞ்சுத் தூசி அவர் நுரையீரலை விடவில்லை. கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் எந்நேரமும் ஓட வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்ற பயத்தில், ஓரத்து அலுமினியச் சட்டம் வளைந்ததால் கம்பெனி கழித்துப்போட்ட மூன்று பேனல்களைக் கேட்டு வாங்கி மாடியில் போட்டு, பேட்டரியும் இன்வெர்ட்டரும் இணைத்திருந்தாள்.

அந்தக் கார்த்திகையில் புயல் அடித்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை. பேட்டரி இரவோடு தீர்ந்துவிட, அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தாள். அது அரை நாளைக்கு மேல் வராது.

காலையில் பக்கத்து வீட்டு அன்பழகன் தண்ணீரில் நடந்து வந்தான்.

"அக்கா, மாமாவ கட்டிலோட தூக்கிடலாம். மெயின் ரோடு வரைக்கும் போயிட்டா ஆம்புலன்ஸ் வந்துடும்."

"நடுவுல மூச்சு வாங்குச்சுன்னா இன்னா பண்றது?"

சிவசங்கரி அலமாரியிலிருந்து மீட்டரை எடுத்தாள்.

"கொஞ்சம் இரு. மேல போயி அளந்து பாத்துட்டு வந்துட்றேன்."

மழை விட்டிருந்தது. மெல்லிய மேகத்துக்குப் பின்னால் சூரியன் வெளுப்பாகத் தெரிந்தது. ஒரு பேனலின் மேல் தென்னை மட்டை விழுந்து, கண்ணாடி நொறுங்கியிருந்தது. ரப்பர் கையுறை மாட்டி, ஈரத்தைத் துடைத்து, ஒவ்வொரு பேனலின் ஒயரையும் தனியாகக் கழற்றி மீட்டரை வைத்தாள்.

நல்ல பேனலில் நாற்பத்து நான்கு வோல்ட், நாலரை ஆம்பியர். பெருக்கினால் இருநூறுக்குப் பக்கம். ஆனால் அந்த இரண்டு அளவும் ஒரே நேரத்தில் முழுதாகக் கிடைக்காது. கைக்கு வருவது முக்கால் பங்குதான். நூற்றைம்பது வாட். இரண்டாவதும் அதே அளவு. மெஷினுக்கு முந்நூறு வேண்டும். ஒயரிலும் இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். இரண்டும் போதாது.

கடைசியாக உடைந்த பேனலில் மீட்டரை வைத்தாள். வோல்ட் குறையவில்லை. ஆம்பியர் மூன்றரை. குறைந்தது நூற்றுப் பதினைந்து வாட் வரும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் முந்நூற்று முப்பது மிஞ்சும்.

அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"தூக்க வாணாம், அன்பு. பேட்டரி கொஞ்சம் ஏறட்டும். மெஷின் ஓடிடும்."

சிலிண்டரை வைத்தே சற்று நேரம் ஓட்டினார்கள். பிறகு மெஷினைப் போட்டாள். ஒரு முறை இருமியதுபோல் அதிர்ந்து, சீராக ஓடத் தொடங்கியது. சிலிண்டரை மூடி, மீதியை ராத்திரிக்கென்று வைத்தாள். மேகம் கருக்கும்போதெல்லாம் மாடிக்கு ஓடி அண்ணாந்து பார்த்தாள். மதியத்துக்கு மேல் வானம் நன்றாகவே வெளுத்துவிட்டது.

பொழுது சாய்ந்து மறுபடி சிலிண்டரைத் திறந்த கொஞ்ச நேரத்தில், கரண்ட் வந்து தெருவே வெளிச்சமானது.

பலராமன் மனைவியைக் கூப்பிட்டார். "பயந்துட்டியா?"

"ம்."

"நான் தூங்கிட்டேன் போல."

"தூங்குனீங்க. வாயத் தொறந்துகினு தூங்குனீங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறவில்லை. சிவசங்கரி ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு, அடுப்பில் டீத்தண்ணீர் வைத்தாள்.